ரோடா, தோடா?

வீடு கட்டி நொந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அந்தக் கதையைச் சொல்லவும் ஆள் உண்டு, கேட்கவும் ஆள் உண்டு. சொந்தக் காசில் ரோடு போட்டவர்கள் குறைவு. போட்டவர்களும் அதை வெளியே சொல்வதில்லை. ஏன் சொல்வதில்லை என்று இப்போது எனக்குத் தெரியும்.

உனக்கு ரோடு போடுவதைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். எவ்வளவோ வருஷமாக அரசாங்க ரோடுகளைக் குறை சொல்லி வந்திருக்கிறேன். சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நான் கண்டுபிடிக்காத ஓட்டையே கிடையாது. இவ்வளவு விஷயம் தெரிந்தவன் நூறு மீட்டர் ரோடு போட முடியாதா என்று என்னையே கேட்டேன். முடியும் என்று நானே சொன்னேன். வேறு யாரிடமும் கேட்கவில்லை.

இடம், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு கிராமம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் பேச்சு தமிழ், நிலப் பத்திரம் மலையாளம், சண்டை இரண்டிலும். களியக்காவிளையில் மீன் வாங்கி மாநிலம் தாண்டி வந்து குழம்பு வைக்கிறோம். மீனுக்கு அது தெரியாது.

விளை, அதாவது வீடும் தோட்டமுமான நிலம், மனைவி வழியில் வந்தது. மேலே மேட்டில் பஞ்சாயத்து ரோடு. கீழே சரிவில் வீடு. அதற்கும் கீழே ஏலா. வயல்வெளிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். மேலிருந்து வீட்டுக்கு வர, இரண்டு கையாலைகளுக்கு, அதாவது மண் மதில்களுக்கு, நடுவே நான்கடி அகலத்தில் ஒரு நடைவழி. கேஸ் சிலிண்டர் தோளில் வந்தது, பிரிட்ஜ் தலையில் வந்தது, கல்யாணப் பெண் நடந்தே வந்தாள். கார் மட்டும் வரவில்லை. வழி இப்படி என்று நன்றாகத் தெரிந்த பிறகுதான் அந்தக் காரை வாங்கினேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் தாலுகா ரோட்டுக்குப் பேர்போனது. சர் சி.பி. ராமசாமி ஐயர் திருவிதாங்கூர் திவானாக இருந்த காலத்திலேயே திருவனந்தபுரம் – கன்னியாகுமரி சாலைக்குச் சிமெண்ட் கான்கிரீட் போட்டார்கள். அது நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகத்தான் போகிறது. இந்தக் காலத்தில் கழக்கூட்டம் – காரோடு பைபாஸ் வந்தது. அதன் கடைசித் துண்டும் கான்கிரீட்தான். பக்கத்தில் விழிஞ்ஞம் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் மூன்று கிலோமீட்டர் அளவுக்குக் கல்லைக் கொட்டி அலைத்தடுப்புக் கட்டினார்கள். இந்த வரிசையில் அடுத்த பெரிய திட்டம் என்னுடையது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தது நான் மட்டும்தான்.

முதலில் பேப்பர் வேலை. என் கணக்குப்படி வீட்டுக்கு வர இரண்டு வழி. ஒன்று மேட்டிலிருந்து செங்குத்தாக இறங்குவது. இன்னொன்று, ஏலாவின் ஓரமாக ஒரு வாழைத்தோட்டத்தைக் கடந்து சமமாக வருவது. சமமான வழி இருக்கும்போது மேட்டில் ஏறுவானா யாராவது? வாழைத்தோட்டக்காரர் பக்கத்து வீட்டுப் பாட்டா. அவரும் சம்மதித்தார். வெற்றிலை போட்டபடி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “டேட்டா பேங்க் பாத்தியளா?” எனக்கு அப்போது தெரிந்த பேங்க் எல்லாம் லோன் கொடுப்பவை.

கேரளத்தில் 2008-ல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எது வயல், எது ஈரநிலம் என்று ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் ஒரு பட்டியல். அதுதான் டேட்டா பேங்க். பாட்டாவின் தோட்டத்தில் என் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே வாழைதான் நிற்கிறது. கண்ணுக்கு அது வாழை. பட்டியலில் அது வயல். வயலில் அனுமதியில்லாமல் மண் போட்டு நிரப்பினால் ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் ஒரு லட்சம் வரை அபராதம். போட்ட மண்ணை நம் செலவிலேயே திரும்ப அள்ளவும் வைக்கலாம். சட்டத்தைப் படித்து முடித்ததும் மேட்டுவழி அவ்வளவு செங்குத்தாகத் தெரியவில்லை.

மேட்டுவழியை அகலப்படுத்த இரண்டு பக்கத்துக்காரர்களும் ஆளுக்கொரு கீற்று மண் விட வேண்டும். ஒரு பக்கம் இதே பாட்டா. அவருக்கு ஒரு நிபந்தனை, மேட்டில் நிற்கும் புளிய மரத்தைத் தொடக் கூடாது. இன்னொரு பக்கம் மனைவிக்குச் சித்தப்பா முறை. இடிக்கிற கையாலையைக் கருங்கல்லில் கட்டித் தர வேண்டும் என்றார். இரண்டையும் ஒத்துக்கொண்டேன். இதனால் என் ரோட்டில் புளிய மரத்தைச் சுற்றி ஒரு வளைவு வந்தது. ஊட்டி மலைப்பாதையில் இருக்க வேண்டிய வளைவு அது.

மாமியிடமும் சொன்னேன். மாமி என்றால் மனைவியின் அம்மா. விளை அவர் பேரில்தான் இருந்தது. முழுத் திட்டத்தையும் கேட்டுவிட்டு, “மக்களே, மேல பெய்யுத வெள்ளம் எங்கோடி போவும்?” என்றார். எங்கள் பக்கத்தில் தண்ணீர் எல்லாமே வெள்ளம்தான். “அதெல்லாம் பிறகு பாத்துக்கலாம் மாமி” என்றேன். பிறகு பார்த்தேன்.

மே மாதக் கடைசியில் மெஷின் உடனே கிடைத்தது. அதற்கு முன் கேட்டபோதெல்லாம் பைபாஸ், துறைமுகம், வீட்டு மனை என்று ஓடிக்கொண்டிருந்த டிப்பரும் மெஷினும் திடீரென்று எனக்காகக் காத்திருந்தன. என் அதிர்ஷ்டத்தை நானே மெச்சிக்கொண்டேன். தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடும் வழக்கமான தேதி ஜூன் 1. இது எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும், அவர்களுக்குக் குடை வாங்கித் தந்தவனே நான்தான்.

மெஷின் வகைகளைப் பற்றி என் அறிவு இவ்வளவு: மஞ்சளாக இருந்தால் ஜேசிபி, ஆரஞ்சாக இருந்தால் ஹிட்டாச்சி. ஜேசிபி என்பது ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் என்ற இங்கிலாந்துக்காரரின் பெயர்ச் சுருக்கம். 1945-ல் கம்பெனி தொடங்கினார். நம் நாட்டில் 1979 முதல் அந்த வண்டி தயாராகிறது. இதெல்லாம் எனக்குத் தெரியும். எதை எதற்குக் கூப்பிட வேண்டும் என்பதுதான் தெரியாது.

பெரிய வேலைக்குப் பெரிய மெஷின் என்று முடிவு செய்து இருபது டன் வகை ஹிட்டாச்சியைச் சொல்லிவிட்டேன். அது சக்கரத்தில் ஓடாது, சங்கிலியில் ஊர்ந்து போகும். ஆகவே டிரெய்லரில் ஏறி வந்தது. பஞ்சாயத்து ரோட்டின் திருப்பத்தில் டிரெய்லர் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது. ரோடு போட வந்த மெஷினுக்கு உள்ளே வர ரோடு இல்லை. போக்குவரத்துக் கூலி, வந்ததற்கும் கொடுத்தேன், போனதற்கும் கொடுத்தேன்.

பிறகு ஜேசிபி வந்தது. டயர் வண்டி, ஏழெட்டு டன், அகலம் ஏழரை அடி. முன்னால் மண்ணை வாரித் தள்ளும் பக்கெட், பின்னால் தோண்டும் கை. ஆபரேட்டர் மார்த்தாண்டம் பக்கத்துப் பையன். முன்னால் நின்று அவனுக்கு யோசனை சொல்லத் தொடங்கினேன். அவன் சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தான். நான் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். அதற்குள் அவன் தோண்டி முடித்து முன்பக்கம் திரும்பிவிட்டான். அன்றைக்கு அந்த வண்டியைச் சுற்றி நான் நடந்தது டாக்டர் சொன்ன வாக்கிங்கைவிட அதிகம்.

மணிக்கணக்கு வாடகையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வண்டியில் மீட்டர் ஓடும். மணிக்கு ஆயிரத்துச் சொச்சம். “சாரே, இங்க வெட்டணுமா, வேண்டாமா?” என்று பையன் கேட்பான். நியாயமாக நான் யோசிக்க வேண்டும். யோசித்தால் மீட்டர் ஓடும். யோசிக்காமல் “வெட்டு” என்பேன். காசு மிச்சம் என்று நினைத்து அன்று நான் சொன்ன ஒவ்வொரு ‘வெட்டு’க்கும் பிற்பாடு தனித்தனியாகப் பில் வந்தது.

சில வெட்டுகளை நான் சொல்லவே இல்லை. மேலே ரோட்டில் போன பழைய சிநேகிதரைப் பார்த்துக் கையை ஆட்டினேன். பையன் அதை உத்தரவு என்று எடுத்துக்கொண்டான். ஓணத்துக்கு வெட்டலாம் என்று மாமி கணக்குப் போட்டு வைத்திருந்த ஏத்தன் வாழை மூடோடு மேலே வந்தது, குலையோடு. சிநேகிதரும் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

வேடிக்கை பார்க்க ஊரே திரண்டது. 2019-ல் ஜேசிபி தோண்டுவதை வேடிக்கை பார்க்கும் கூட்டத்தைக் கிண்டல் செய்து நாடு முழுக்க மீம்ஸ் பறந்தது நினைவிருக்கலாம். நானும் சிரித்து நாலு பேருக்கு அனுப்பியவன்தான். இப்போது எங்கள் விளையில் ஒரு பெரியவர் நாற்காலி கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார். ஆளுக்கொரு யோசனை. எல்லாருக்கும் சாயா கொடுத்தேன். யோசனை இலவசம், சாயா என் கணக்கு.

நடுவில் ஓர் ஊற்று கிளம்பியது. தண்ணீர் பீறிட்டு அடித்தது. “பகவானே, நல்ல ஊத்து!” என்று நாற்காலிப் பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார். எனக்கும் ஒரு கணம் பெருமை. கிணறு வெட்டாமலே தண்ணீர் கிடைத்த புண்ணியவான் அல்லவா? அது குடிதண்ணீர் பைப். எங்கே புதைத்திருக்கிறது என்று தோண்டும் முன் நான் விசாரித்திருக்க வேண்டும். கீழ்வீடுகளுக்கெல்லாம் நானே குடத்தோடு போய் மன்னிப்புக் கேட்டேன். ரோடு வருகிறது என்ற செய்தி அப்படித்தான் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

அடுத்தது மண் கணக்கு. இவ்வளவு நீளம், இவ்வளவு அகலம், இவ்வளவு ஆழம் என்று பெருக்கி, மேட்டில் வெட்டுகிற மண்ணைப் பள்ளத்தில் போட்டால் சரியாக இருக்கும் என்று பேப்பரில் எழுதி வைத்திருந்தேன். கணக்கில் தப்பு இல்லை. ஆனால் இறுகிக் கிடக்கும் மண்ணை வெட்டி எடுத்தால் கிட்டத்தட்டக் கால் பங்கு பெருகிவிடும்; இடையிடையே காற்று புகுந்துகொள்கிறது. பள்ளம் நிறைந்த பிறகும் மண் மிச்சம். மாமியின் அடுக்களை ஜன்னலுக்கு வெளியே ஒரு குன்று எழுந்தது. “மலையோரத்து வீடு மாதிரி இருக்குல்லா?” என்றார் மாமி. பாராட்டு என்று நினைத்தேன்.

மிச்ச மண்ணை டிப்பரில் ஏற்றி வெளியே அனுப்பிவிடலாமே? என் மண்தானே? அங்கேயும் ஒரு பாடம். கேரளத்தில் சாதாரண மண்ணும் சிறுகனிமக் கணக்கில் வருகிறது; விளையை விட்டு லாரியில் வெளியே போக வேண்டுமானால் மைனிங் அண்ட் ஜியாலஜி துறையின் அனுமதியும் பாஸும் வேண்டும். கனிம வளத்துக்குச் சொந்தக்காரன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஆனால் அந்த வளத்தை அடுக்களை ஜன்னலிலிருந்து நகர்த்த முடியவில்லை.

இனி சரிவு. நம் நாட்டுக் கிராமச் சாலைகளுக்கு இந்திய சாலைக் காங்கிரஸ் ஒரு கையேடு வைத்திருக்கிறது. சமவெளியில் முப்பது அடிக்கு ஓர் அடி, மலைப்பகுதியில் இருபது அடிக்கு ஓர் அடி, சாதாரணமாக இந்த ஏற்றத்துக்குள் நிற்கப் பார் என்கிறது. கொத்தனார் கையில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டியூப் ஒன்று இருக்கும். இரண்டு முனையிலும் தண்ணீர் மட்டம் பார்த்தால் ஏற்றம் எவ்வளவு என்று துல்லியமாகத் தெரிந்துவிடும். என்னிடம் டியூப் இல்லை. கண் இருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்து “கரெக்ட்” என்றேன். எந்தக் கண்ணை மூடினேன் என்பது இப்போது நினைவில்லை, திறந்திருந்ததை மூடியிருக்கலாம்.

புளிய மர வளைவுக்குக் கீழே என் ரோடு ஐந்தடிக்கு ஓர் அடி இறங்குகிறது. நடந்து வருகிறவர்கள் கடைசிப் பத்தடியை ஓடி வருகிறார்கள். விருந்தாளிகள் ரொம்ப ஆசையாக வருகிறார்கள் என்று மனைவிக்கு ஆரம்பத்தில் சந்தோஷம்.

சரிவைவிடப் பெரிய சாதனை, ரோட்டின் குறுக்குவெட்டு. ஒழுங்கான ரோடு நடுவில் சற்று மேடாக இருந்து இரண்டு ஓரமும் தாழ்ந்து போகும். பத்தடி அகல மண் ரோட்டுக்கு நடுவுக்கும் ஓரத்துக்கும் இரண்டரை இஞ்ச் வித்தியாசம் இருந்தால் போதும். மழைத்தண்ணீர் ஓரத்துக்குப் போய்விடும். எனக்கோ கார் ஓரமாகச் சரிந்து கீழே போய்விடுமோ என்ற பயம். பையனைக் கூப்பிட்டு, ஓரத்தை உயர்த்தி நடுவைத் தாழ்த்தச் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான். “சாரே, ஒறப்பாச் சொல்லுதியளா?” மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. “வெட்டு” என்றேன்.

மண்ணை நிரப்பும்போது அரை அடிக்கு ஓர் அடுக்கு போட்டு, தண்ணீர் தெளித்து, ரோலர் விட்டு இறுக்கி, அதற்குமேல் அடுத்த அடுக்கு போட வேண்டுமாம். என் ரோட்டில் ஒரே அடுக்கு. ரோலருக்குப் பதிலாக ஜேசிபியையே மேலும் கீழும் ஓட்டச் சொன்னேன். டயர் போன இரண்டு கோடு மட்டும் நன்றாக இறுகியது. நடுவில் மண் உதிரியாகவே கிடந்தது. அதன் மேல் ஒன்றரை இஞ்ச் மெட்டல், அதாவது ஜல்லி, ஒரு லோடு கொட்டிப் பரப்பினோம். தூரத்திலிருந்து பார்க்க ரோடாகவே இருந்தது. தூரத்தில் நின்று போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினேன்.

பிறகு இடவப்பாதி வந்தது. இடவ மாதம் பாதியில் தொடங்கும் மழைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ராத்திரி முழுக்கப் பெய்தது. மேட்டில் பஞ்சாயத்து ரோட்டில் விழுந்த தண்ணீர், முன்பெல்லாம் கையாலை ஓரமாகப் பல பக்கமும் பிரிந்து போனது. இப்போது அதற்கென்றே பத்தடி அகலத்தில், நடுவில் பள்ளமாக, ஐந்துக்கு ஒன்று சரிவில் ஒருவன் சொந்தச் செலவில் வழி செய்து வைத்திருக்கிறான். தண்ணீருக்கு என்ன பைத்தியமா, பழைய வழியில் போக?

நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் 2004-லிருந்து தண்ணீர் வரவில்லை என்று எல்லைக்கு அந்தப் பக்கம் விளவங்கோடு விவசாயிகள் போராடி வருகிறார்கள். தமிழ்நாடு சுப்ரீம் கோர்ட் வரை போயிருக்கிறது. இரண்டு அரசாங்கமும் சேர்ந்து ஓட வைக்க முடியாத தண்ணீரை நான் தனி ஆளாக ஒரே ராத்திரியில் ஓட வைத்தேன். திசைதான் தப்பு.

காலையில் போய்ப் பார்த்தேன். டயர் போட்ட இரண்டு கோடு மட்டும் நின்றது. நடுவில் இடுப்பளவு ஓடை. கேரளத்தில் செம்மண் அதிகம் கிடக்கும் இடங்களில் எங்கள் தாலுகாவும் ஒன்று. ஆழமான மண், மரச்சீனிக் கிழங்குக்கு அமிர்தம். இறுக்காமல் விட்டால் மழையில் கரைந்து நடந்துவிடும். அது நடந்து போன இடத்தைத் தேடிக் கீழே இறங்கினேன். என் செம்மண்ணும் மெட்டலும் பாட்டாவின் வாழைத்தோட்டத்தில் அழகாகப் பரந்து கிடந்தன.

பாட்டாவின் வாழைத்தோட்டம் என்றால், டேட்டா பேங்கில் உள்ள வயல். எந்தச் சட்டத்துக்குப் பயந்து சமமான வழியை விட்டேனோ, அதே சட்டம் பாதுகாக்கும் வயலை, அனுமதி இல்லாமல், ஆள் வைக்காமல், ராத்திரியோடு ராத்திரியாக நிரப்பியிருந்தேன். பாட்டா வரப்பில் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். “மக்களே, ஒரு லோடு இருக்கும்லா?” என்றார். வியாபாரம் பேசுகிறாரா, கேஸ் போடப் போகிறாரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று முழுக்கச் சட்டியில் அள்ளித் தலையில் சுமந்தேன். அந்த மண்ணை மேலே ஏற்ற மெஷின் வராது.

அந்த வாரம் ஏலாவில் ஓடை சுத்தம் செய்யத் தொழிலுறப்பு வேலைக்கு, அதாவது நூறுநாள் வேலைக்கு, வந்திருந்த அக்காமார் என் ரோட்டுப் பக்கம் நிழலுக்கு ஒதுங்கினார்கள். அவர்களில் மூத்தவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், என்னைப் பார்த்தார். “சாரே, இது ரோடா, தோடா?” என்றார். தோடு என்றால் ஓடை. மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் மாமியின் குரலும் கேட்டது. அவர் எப்போது வந்து அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தார் என்று தெரியவில்லை.

அந்த அக்கா மம்மட்டியை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார். புளிய மரத்துக்குச் சற்று மேலே, ரோட்டுக்குக் குறுக்காக, சாய்வாக ஒரு சின்னப் பள்ளம் இழுத்தார். எடுத்த மண்ணைப் பள்ளத்தின் கீழ்க்கரையில் ஒரு வரப்பாகப் போட்டு மிதித்தார். சற்றுத் தள்ளி இன்னொன்று. “வெள்ளம் ஓடத் தொடங்குறதுக்கு முன்ன அதைத் திருப்பி விட்டுறணும் சாரே. ஓடத் தொடங்கிட்டா அது யாரு சொன்னாலும் கேக்காது.” வெற்றிலை போடும் நேரத்துக்குள் வேலை முடிந்தது. காசு நீட்டினேன். “சாயா மதி” என்றார், சாயா போதுமாம். ரோட்டுத் திட்டம் முழுவதிலும் சாயாவுக்குப் பதிலாகக் கிடைத்த ஒரே உருப்படியான யோசனை அது.

பின்னர்தான் புத்தகம் படித்தேன். எல்லாம் முடிந்த பிறகு படிப்பது என் வழக்கம். ஜான் மெக்காடம் என்ற ஸ்காட்லாந்துக்காரர், 1756-ல் பிறந்தவர், 1816-ல் பிரிஸ்டல் வட்டாரச் சாலைகளுக்குப் பொறுப்பு ஏற்றவர். பாரத்தைத் தாங்குவது கல் அல்ல, கல்லுக்கு அடியில் இருக்கும் மண்தான். மண் நனையாமல் இருந்தால் எந்தப் பாரத்தையும் தாங்கும் என்பது அவர் கட்சி. அதனால் ரோட்டைச் சுற்றுப்புறத்தைவிட உயர்த்து, ஓரங்களில் ஓடை வெட்டு, சின்னதாக உடைத்த கல்லைப் பரப்பு, சக்கரமே அதை இறுக்கிவிடும் என்றார். உலகம் முழுக்க ரோடுகள் அந்த வழிக்கு மாறின. இருநூறு வருஷம் கழித்து, எல்லைக் கிராமம் ஒன்றில் ஒருவன் ரோட்டைத் தாழ்த்தி ஓரத்தை உயர்த்தினான்.

அக்கா மெக்காடமைப் படித்திருக்க வாய்ப்பில்லை. மாமியும் படித்ததில்லை. இருவரும் மழைக்காலத்தில் நடந்து போனவர்கள். நான் மழைக்காலத்தில் வராந்தாவில் உட்கார்ந்து மழையை ரசித்தவன்.

மழை விட்ட பிறகு இரண்டாம் முறை அதே பையன், அதே ஜேசிபி. இந்த முறை மாமி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நடுவை உயர்த்தினோம், ஓரத்தில் ஓடை வெட்டினோம், ஒரு ஹ்யூம் பைப் பதித்தோம், ரோலரும் வந்தது. சித்தப்பாவுக்குக் கருங்கல் கையாலையும் எழும்பியது. அடுக்களைக் குன்று மொத்தமும் உள்ளே போனது. இறுக்கியதில் மண் சுருங்கி, கடைசியில் பற்றாமல்கூடப் போனது. பையன் இப்போது என்னிடம் எதுவும் கேட்கவில்லை. “அம்மச்சி, இங்க வெட்டட்டா?” என்று நேராக மாமியிடம் கேட்டான். மாமி யோசித்தார். மீட்டர் ஓடியது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. நான் மட்டும் பார்த்தேன்.

இப்போது அது ரோடு. ஆட்டோ வருகிறது, ரப்பர் ஷீட் எடுக்க வண்டி வருகிறது, கீழ்வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு பஸ்ஸே வந்து திரும்ப முடியாமல் நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அதுதான் குறுக்குவழி, சாயந்தரம் கிரிக்கெட் மைதானம். யாரும் என்னிடம் கேட்டுவிட்டுப் போவதில்லை. செலவு செய்தவனுக்குக் கொஞ்சமாவது உரிமை வேண்டாமா என்று ஒரு வீம்பு வந்தது. நெய்யாற்றின்கரைக்குப் போய் மலையாளத்தில் ‘தனியார் வழி’ என்று ஒரு தகர போர்டு எழுதி வாங்கி வந்தேன். பெயிண்ட் நல்ல பெயிண்ட்.

வெங்ஙானூர் இங்கிருந்து ரொம்பத் தூரமில்லை. சாதியின் பேரில் தம் மக்கள் நடக்கக் கூடாது என்று தடுத்த பொதுவழியில் 1893-ல் அய்யங்காளி வில்லுவண்டி பூட்டி ஓட்டிக் காட்டியது அந்த ஊரில். வழியில் நடக்கிற உரிமைக்காக ஆட்கள் அடி வாங்கிய மண் இது. அந்த மண்ணில் நான் தகர போர்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கம்பிப் பாரையால் குழி தோண்டிக்கொண்டிருந்தேன். இந்த வரலாறு எனக்கு நன்றாகத் தெரியும். போர்டுக்கு ஆர்டர் கொடுத்தபோது ஞாபகம் வரவில்லை.

குழி பாதி ஆனபோது பாட்டா வந்தார். போர்டை வாங்கி, கையை நீட்டித் தூரத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். “நல்லாருக்கு மக்களே. ஆனா எனக்க மண்ணுல நிண்ணு எனக்கே போர்டு காட்டுதியளே” என்றார். குனிந்து பார்த்தேன். குழி, அவர் விட்டுக்கொடுத்த கீற்றில் இருந்தது. எதிர்ப்பக்கம் போனால் சித்தப்பாவின் கீற்று. நடுவில் என்னுடையது என்று சொல்லக்கூடிய நான்கடியில் நட்டால் கார் போகாது.

போர்டை வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரில் சாத்தி வைத்தேன். மறுநாள் காணவில்லை. மாமி அதைக் கோழிக்கூட்டுக்கு மேல் போட்டிருந்தார், எழுத்து மேல்பக்கமாக. ஒரு முனைக்கு அடியில் செங்கல் வைத்துச் சற்றுத் தூக்கி, சரித்துத்தான் போட்டிருந்தார். அந்த வருஷம் துலாமாத, அதாவது ஐப்பசி, மழையில் ஒரு சொட்டுகூட உள்ளே ஒழுகவில்லை. நான் காசு கொடுத்து வாங்கியவற்றில் முதல் முயற்சியிலேயே மழைக்குத் தாக்குப்பிடித்தது அது ஒன்றுதான்.